காரணம்: என் தலையெழுத்து

போன மாதம் நித்யா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபின் என் நாற்காலிக்கு வந்தவள் அவள். ஆபீஸை ஒரகடத்துக்கு மாற்றுகிறார்களாம். பழைய பைல்களில் எதை எடுத்துப் போவது, எதைக் கிழித்துப் போடுவது என்று பிரித்துக்கொண்டிருந்தாளாம்.

“சார், கோச்சுக்காதீங்க. தொண்ணூத்தியொண்ணு விபத்து பைல் ஒண்ணுல, காரணம்ங்கற எடத்துல உங்க கையெழுத்துல ‘என் தலையெழுத்து’ன்னு இருக்கு. எல்லாரும் சிரிச்சிட்டோம்.”

நானும் சிரித்தேன். பிறகு அவள் இன்னொன்று கேட்டாள். அதற்கப்புறம் வருகிற சில வருடத்துப் பைல்களில் எல்லாம் ஒவ்வொரு வாக்குமூலத்துக்கும் பின்னால் இரண்டாவதாக ஒரு தாள் குத்தியிருக்கிறதே, படிவத்தில் அப்படி ஒரு தாளே கிடையாதே, அது எதற்கு?

போனில் சொல்ல வரவில்லை. எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன். இப்போது விபத்து நடந்தால் காரணத்தை யாரும் எழுத வேண்டியதில்லை என்று அவளே சொன்னாள். கம்ப்யூட்டரில் ஒரு பட்டியல் விழுமாம், அதில் ஒன்றைத் தொட்டால் போதுமாம். தலையெழுத்து அந்தப் பட்டியலில் இல்லை. எங்கள் காலத்தில் அங்கே ஒரு வெறும் கட்டம் இருந்தது. ‘விபத்துக்குக் காரணம் (தொழிலாளியின் சொந்த வார்த்தைகளில்)’ என்று மேலே அச்சடித்திருக்கும். அந்தக் கட்டத்தை நிரப்புவதுதான் என் வேலை.

நான் சேர்ந்தபோது எனக்கு இருபத்துமூன்று வயது. ஸ்ரீபெரும்புதூருக்கு இந்தப்பக்கம், நெடுஞ்சாலையை ஒட்டி இருந்த பிரஸ் ஷாப் அது. தகடுகளை அழுத்தி வண்டிப் பாகங்கள் செய்வோம். டைம் ஆபீஸில் கிளார்க். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்த முதல் ஆளும் நான்தான். இரண்டு மாதத்தில் வருகைப் பதிவும் ஓ.டி. சீட்டும் பழகிவிட்டது. மூன்றாவது மாதம் வாக்குமூலம் எழுதும் வேலையைக் கொடுத்தார்கள். தமிழில் எனக்கு நல்ல மார்க் என்பதைத் தவிர அதற்கு வேறு தகுதி எனக்கு இல்லை.

கற்றுக் கொடுத்தவர் பர்சனல் ஆபீசர் வரதராஜன் சார். அவரைப்போல மெதுவாகப் பேசும் அதிகாரியை நான் பார்த்ததில்லை. அடிபட்டவன் படுத்திருக்கும் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் இருந்தாலும் உட்கார மாட்டார். கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். நேரம் பார்க்கிறோம் என்று அவனுக்குத் தோன்றக் கூடாதாம். முதலில் சாப்பிட்டாயா என்று கேட்பார், அடுத்தது வீட்டுக்குச் சொல்லியாகிவிட்டதா என்று. மூன்றாவதுதான் “எப்டிப்பா ஆச்சு?” கடைசியில் எல்லாரிடமும் ஒரே கேள்வி: “யார் மேலயாவது குறை இருக்கா?” அந்தக் கேள்வியைக் கேட்கும்போது அவர் குரல் இன்னும் கொஞ்சம் இறங்கும். அதில் இருந்த அன்பு பொய் என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

முதல் தடவை ஒருத்தர் கையில் தகடு கிழித்துவிட்டது. “கெரகம் சார்” என்றார். நான் ‘ஊழ்வினைப் பயன்’ என்று எழுதிக்கொண்டு போனேன். நன்றாக எழுதியிருப்பதாக நினைப்பு. வரதராஜன் சார் படித்துவிட்டுத் தாளை நான்காக மடித்துக் கூடையில் போட்டார்.

“அவன் வாயில வராத வார்த்தை அவன் கைரேகைக்கு மேல இருக்கக் கூடாது. உன் தமிழை உன் லெட்டர்ல எழுதிக்கோ.”

அந்தப் பாடத்தை நான் சரியாகப் படித்துக்கொண்டேன், தேவைக்கு அதிகமாகவே. சொன்னதைச் சொன்னபடி எழுதினேன். எழுத எழுத அந்த வார்த்தைகள் மேல் எனக்கு ஒரு பிரியம் வந்துவிட்டது. ஒரு சின்ன நோட்டில் அவற்றைக் குறித்துவைப்பேன். ‘நேரம்’ என்பவன் கட்டுப் போட்டுக்கொண்டு மறுநாள் வேலைக்கு வந்துவிடுவான். ‘கெரகம்’ கொஞ்சம் எரிச்சலோடு வரும். வீட்டில் ஏற்கெனவே ஏதோ தகராறு இருக்கும். டூல் ரூம் பாய் ‘நசீபு’ என்று சொல்லி அதோடு பேச்சை முடித்துக்கொள்வார். கிறிஸ்தவர் ஒருவர் கால் எலும்பு நொறுங்கிக் கிடந்தபோது ‘கர்த்தர் சித்தம்’ என்று எழுதச் சொன்னார். தெற்கத்திக்காரர் ஒருவர் ‘நமக்குக் கொடுப்பினை அவ்வளவுதான்’ என்றார். ‘தலையெழுத்து’ கடைசியில் வருகிற வார்த்தை. போன விரல் இனி முளைக்காது என்று தெரிந்த பிறகு சொல்வது அது.

இன்னொன்றையும் நோட்டில் எழுதியிருந்தேன். ‘விதி’ என்று அடிபட்டவன் சொல்லி நான் கேட்டதே இல்லை. அது கேன்டீனில், பக்கத்து மேசையில், அடிபட்டவனைப் பற்றி மற்றவர்கள் சொல்லும் வார்த்தை. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சொல்வது. பெரிய கண்டுபிடிப்பு மாதிரி அதன் கீழே கோடு வேறு போட்டிருந்தேன்.

இதையெல்லாம் பேச எனக்கு ஆள் இல்லை. கேன்டீனில் நான் தட்டோடு வந்து உட்கார்ந்தால் லைன் ஆட்கள் பேச்சை மாற்றிவிடுவார்கள். டைம் ஆபீஸ்காரன் காதில் எது விழுந்தாலும் அது எழுத்தில் போய்விடும் என்று பயம். அதிகாரிகள் மேசை என்னுடையதில்லை. சுங்குவார்சத்திரத்தில் பஸ் ஸ்டாப்பிலிருந்து இரண்டு மைல் தள்ளி ஒரு லாட்ஜில் அறை. கட்டில், ஒரு ஆணி, ஆணியில் சட்டை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க யாரோடும் பேசாமல் இருந்துவிட்டு, திங்கள் காலை டீக்கடையில் “ஒரு டீ” என்று சொல்லும்போது குரல் கம்மிப்போயிருக்கும். அப்பாவுக்கு வாரம் ஒரு கடிதம் எழுதுவேன். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. போஸ்ட்மேன்தான் தெருவில் நின்று சத்தமாகப் படிப்பார். அதனால் அதில் ‘நலம், வேலை நன்றாகப் போகிறது’ என்பதைத் தவிர வேறு எதையும் எழுதியதில்லை.

இனி ஏழுமலைக்கு வருகிறேன்.

அவன் பிரஸ் ஆபரேட்டர். டெம்பரரி. இன்னும் இரண்டு மாதம் போனால் நிரந்தரம். அவன் மெஷினில் இரண்டு பச்சை பட்டன்கள் இருந்தன, இடது கைக்கு ஒன்று, வலது கைக்கு ஒன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் மேலே இருக்கும் டை என்கிற இரும்பு அச்சு இறங்கித் தகட்டை அழுத்தும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் எந்தக் கையும் டைக்கு அடியில் இருக்க முடியாது. மெஷின் செய்தவன் அதை யோசித்துத்தான் செய்திருக்கிறான்.

ஆனால் அப்படி வேலை செய்தால் டார்கெட் வராது. அதனால் எங்கள் ஷாப்பில் ஒரு வழக்கம் இருந்தது. இடது பட்டனை அமுக்கி, அதன் ஓரத்து இடைவெளியில் ஒரு குச்சியைச் செருகிவிடுவார்கள். பட்டன் அமுங்கியபடியே நிற்கும். இடது கை தகடு வைக்கும், வலது கை மட்டும் பட்டன் அமுக்கும். அரை விரல் நீளம், ஒரு பக்கம் சீவிய வேப்பங்குச்சி. அதற்கு ஆப்பு என்று பெயர். இரும்பு வைத்தால் பட்டன் கெட்டுவிடும், மூங்கில் வழுக்கும், வேம்புதான் பிடித்து நிற்கும் என்று அதற்கு ஒரு சாஸ்திரமே சொல்வார்கள். சூப்பர்வைசர் தனபால் ஷிப்ட் ஆரம்பத்தில் ஆளுக்கு ஒன்று கொடுப்பார், முடியும்போது திருப்பி வாங்கிக்கொள்வார்.

தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வருகிற நாளில் ஆப்புகள் எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் போகும். டப்பா டைம் ஆபீஸுக்கு வரும். யாரும் சோதனை போடாத இடம் அது. “தம்பி, இத உன் டிராயர்ல வைப்பா” என்று தனபால் கொடுப்பார். நான் வைத்துக்கொள்வேன். மூன்று தடவை வைத்திருக்கிறேன்.

நான்காவது தடவை இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனது ஒரு புதன்கிழமை. மறுநாள் காலை தனபால் வந்து டப்பாவைக் கேட்டார். டிராயரைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். “ராத்திரி ஒண்ணும் குட்டி போடலியே” என்று சிரித்துக்கொண்டே வாங்கிப் போனார். நானும் சிரித்தேன். பதினொரு மணி டீ வருவதற்கு முன்னால் ஷாப் பக்கம் மெஷின்கள் ஒவ்வொன்றாக நிற்கிற சத்தம் கேட்டது. சத்தம் நிற்பதும் ஒரு சத்தம்தான் என்று அன்றுதான் தெரிந்தது.

ஓடிப்போய்ப் பார்த்தபோது இடது பட்டனில் ஆப்பு அப்படியே நின்றது. ஏழுமலையின் இடது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. பெருவிரலும் சுண்டுவிரலும் மிச்சம்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வரதராஜன் சார், தனபால், நான். கட்டிலின் தலைமாட்டில் அவன் மனைவி சரோஜா நின்றிருந்தாள். வரதராஜன் சார் கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டார். சாப்பிட்டாயா என்று கேட்டார். தனபால் கால்மாட்டில் நின்றார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

“எப்டிப்பா ஆச்சு?”

ஏழுமலை தனபாலைப் பார்த்தான். பிறகு என் பேனாவைப் பார்த்தான்.

“இன்னா சார் சொல்றது. என் தலையெழுத்து.”

“யார் மேலயாவது குறை இருக்கா?”

“யார் மேல சார் கொற? அதான் சொன்னனே.”

அப்படியே எழுதினேன். ‘என் தலையெழுத்து. யார் மேலும் குறை இல்லை.’ படிவத்தின் அடியில் ‘இடது பெருவிரல் ரேகை’ என்று அச்சடித்திருந்தது. இடது கை முழுக்கக் கட்டு. நான் வரதராஜன் சாரைப் பார்த்தேன். வலது கையில் எடுத்து, ஏன் என்று ஒரு வரி எழுதச் சொன்னார். ‘இடது கையில் கட்டு இருப்பதால் வலது’ என்று எழுதி, ஏழுமலையின் வலது பெருவிரலை மையில் உருட்டி வைத்தேன். அப்பாவின் விரலை ஒருமுறை ரேஷன் கடையில் இப்படிப் பிடித்திருக்கிறேன். அதே சொரசொரப்பு.

அவர்கள் இருவரும் டாக்டரைப் பார்க்கப் போனார்கள். நான் மைப்பெட்டியை மூடிக்கொண்டிருந்தேன். அப்போது சரோஜா பேசினாள்.

“இவுரு தலையில இன்னா எழுதிகீதோ அது இருக்கட்டும். நீ பேப்பர்ல இன்னா எழுதன?”

படித்துக் காட்டினேன்.

“குச்சிய எழுதலியா?”

“அவர் சொல்லல.”

“அந்தாளு எதிர்ல நிக்கசொல்ல எப்டி சார் சொல்லுவாரு? நீ ரெண்டாந்தரம் கேக்க மாட்டியா?” கணவனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “எங்க வூட்டு மரத்துல ஒடிச்ச குச்சி சார். ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம லைனுக்கே இவுருதான் சீவித் தருவாரு. சூப்ரவைசர் கேட்டாராம்.”

ஏழுமலை கண்ணைத் திறக்காமலே சொன்னான். “சும்மா இரு. குச்சின்னு எழுதுனா லைன்ல அத்தன பேருக்கும் வேல போவும்.”

அப்போதுதான் எனக்கு அந்த வார்த்தை புரிந்தது. இரண்டு வருடமாக நோட்டில் குறித்துவைத்து, எது பெரிய காயத்துக்கு, எது சின்னக் காயத்துக்கு என்று பிரித்துக்கொண்டிருந்த எனக்கு, எதிரில் நிற்கிறவனைச் சுட்டிக்காட்டாமல் இருப்பதற்காகவும் ஒருவன் தலையெழுத்து என்று சொல்லலாம் என்பது தெரியாமல் போயிருந்தது. அவன் யாருக்கும் கெடுதல் வராத ஒரு வார்த்தையாகப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறான். நான் அதைக் காரணம் என்ற கட்டத்துக்குள் எழுதிவிட்டேன்.

நான் அந்தத் தாளைக் கிழித்திருக்கலாம். வெற்றுப் படிவம் இன்னொன்று பையில் இருந்தது. கிழிக்கவில்லை.

விசாரணை பத்து நாள் கழித்து நடந்தது. கம்பெனியின் நடைமுறை எல்லாருக்கும் தெரியும். மெஷினிலோ மேற்பார்வையிலோ கோளாறு என்று முடிவானால் அடிபட்டவனுக்கு கேட்டிலோ ஸ்டோரிலோ வேறு வேலை கொடுத்தாக வேண்டும். கோளாறு இல்லை, ஆபரேட்டரின் கவனக்குறைவு என்று முடிவானால் டெம்பரரி ஆளை அனுப்பிவிடலாம். ஏழுமலையின் வேலை அந்த ஒரு கட்டத்தில் இருந்தது. முந்தின நாள் இன்ஸ்பெக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட மெஷின். பட்டன் இரண்டும் ஒழுங்காக வேலை செய்கின்றன. வாக்குமூலத்தில் யார் மேலும் குறை இல்லை.

என்னைப் படிக்கச் சொன்னார்கள். எழுந்து நின்று படித்தேன். ‘என் தலையெழுத்து’ என்று படிக்கும்போது அது என் குரலில் அவ்வளவு தெளிவாக வந்தது. பள்ளிக்கூடத்தில் செய்யுள் ஒப்பித்த குரல். ஏழுமலை சுவர் ஓரமாகக் கையைத் தூளியில் போட்டு உட்கார்ந்திருந்தான். வரதராஜன் சார் ஒன்று கேட்டார், வழக்கமான அதே தணிந்த குரலில்.

“எழுதினவன் நீ. ஏதாவது சேர்க்கணுமா?”

ஏன் கேட்டார் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். படிவத்துக்காகக் கேட்டாரா, அல்லது டப்பா விஷயம் தெரிந்து எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தாரா? தெரியாது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: என் டிராயர், என் நாற்காலி, நானும் இன்னும் நிரந்தரமாகாதவன். வாயைத் திறந்தால் டப்பாவை வைத்திருந்தது யார் என்றுதான் முதலில் கேட்பார்கள்.

“இல்ல சார்” என்றேன்.

ஏழுமலையை அந்த மாதக் கடைசியில் அனுப்பிவிட்டார்கள். தனபால் அந்த லைனிலேயே இருந்தார். ஆப்பும் இருந்தது. குச்சிகள் மட்டும் வேறு யார் வீட்டு மரத்திலிருந்தோ வந்தன.

அந்த ஞாயிற்றுக்கிழமை லாட்ஜ் அறையில் உட்கார்ந்து அப்பாவுக்கு எல்லாவற்றையும் எழுதினேன். டப்பா, டிராயர், ‘இல்ல சார்’ எல்லாம். இன்லண்ட் லெட்டரின் மூன்று பக்கமும் நிறைந்துவிட்டது. ஒட்டிய பிறகுதான் போஸ்ட்மேன் ஞாபகம் வந்தது. தெருவில் நின்று சத்தமாகப் படிப்பார். பையன் என்ன செய்தான் என்பதை அப்பா ஊரோடு சேர்ந்து கேட்பார். லெட்டரைப் பெட்டியில் போட்டுவிட்டு, புதிதாக இன்னொன்று வாங்கி ‘நலம்’ என்று எழுதி அனுப்பினேன். பெட்டி என்றால் தபால் பெட்டி இல்லை, கட்டிலுக்கு அடியில் இருந்த என் தகரப் பெட்டி. அப்பா இறந்த பிறகும் அது ஒட்டியபடியேதான் இருந்தது.

ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே ஒரு சைக்கிள் ஸ்டாண்டில் ஏழுமலை இருக்கிறான் என்று கேள்விப்பட்டு, அந்தப் பக்கம் போகாமல் சுற்றிப் போய்க்கொண்டிருந்தேன். ஒருநாள் காஞ்சிபுரம் போக வேண்டியிருந்தது. சைக்கிளை விட வேறு இடமில்லை. தள்ளிக்கொண்டு போய் அவன் எதிரில் நின்றேன்.

அவன் என்னை அடையாளம் கண்டுகொண்டான். “வா சார். நல்லா கீறியா?” என்றான். டோக்கனை எடுத்து ஹேண்டில்பாரில் கட்ட ஆரம்பித்தான். இடது கையின் பெருவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வலது கையால் முடிச்சுப் போட்டான். வேகமாகத்தான் போட்டான். எனக்குத்தான் அது முடியவே முடியாது போல இருந்தது. ஏதாவது பேச வேண்டும். சொல்ல வேண்டியதைத் தவிர வேறு ஏதாவது.

“எல்லாம் விதி, ஏழுமலை” என்றேன்.

அவன் முடிச்சை இழுத்து இறுக்கினான். கோபமாக இல்லை. ஒரு சைக்கிளைக் கொஞ்சம் தள்ளி வை என்று சொல்கிற மாதிரிச் சொன்னான்.

“அத நான் சொல்லிக்கலாம் சார். நீ சொல்லாத.”

பாதி டோக்கனைக் கிழித்து என் கையில் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டான்.

நான் காஞ்சிபுரம் போகவில்லை. பஸ் ஸ்டாப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மூன்று பஸ்கள் போயின. நோட்டில் நானே கோடு போட்டு வைத்திருந்த வரிதான். விதி, பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சொல்வது. அதை எழுதியபோது பார்த்துக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன் என்று எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த விபத்து சின்னது. ஒருத்தருக்கு நகம் பெயர்ந்துவிட்டது. “நேரம் சார்” என்றார். அப்படியே எழுதினேன், ரேகை வாங்கினேன். பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, மேலே ‘எழுதியவன் பார்த்தது’ என்று தலைப்புப் போட்டு, மெஷின் பக்கம் போய் நான் என் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதினேன். இடது பட்டனில் ஆப்பு இருந்தது என்று எழுதினேன். கீழே என் கையெழுத்து. இரண்டையும் சேர்த்துக் குத்தி வரதராஜன் சார் மேசையில் வைத்தேன்.

அவர் இரண்டு தரம் படித்தார். பேனாவை மூடினார்.

“இதை யார் கேட்டாங்க?”

“யாரும் கேக்கல சார்.”

ஊழ்வினைப் பயனைப்போல இதுவும் கூடைக்குப் போகும் என்று நினைத்தேன். அவர் பைலில் போட்டு மூடினார். அடுத்த வாரத்திலிருந்து தனபால் என்னிடம் பேசவில்லை. கேன்டீனில் என் மேசைக்கு ஏற்கெனவே யாரும் வருவதில்லை, இப்போது பக்கத்து மேசையும் காலியானது. ஆப்பு உடனே ஒழிந்துவிடவில்லை. நான்கைந்து வருடத்தில், புது மெஷின் வந்த பிறகுதான் ஒழிந்தது. அதுவரை நான் அந்த இரண்டாவது தாளை எழுதிக்கொண்டிருந்தேன். நித்யா பார்த்தது அவற்றைத்தான்.

நித்யா, நீ கேட்டதற்குப் பதில் இதுதான் அம்மா. நீ சிரித்த பைலில் இரண்டாவது தாள் இருக்காது. நீ பார்த்திருப்பாய். கீழே வலது பெருவிரல் ரேகை, பக்கத்தில் ஏன் வலது என்று ஒரு வரி, அதோடு முடிந்துவிடும். அதைக் கிழித்துப் போடுகிற பக்கம் வைக்காதே. அந்தப் பைலில் இன்று ஒரு தாளைச் சேர்க்க எனக்கு உரிமை இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

எழுதியவன் பார்த்தது: மெஷினின் இடது பட்டனில் வேப்பங்குச்சி ஆப்பு இருந்தது. முந்தின நாள் இன்ஸ்பெக்டர் வந்தபோது அது டைம் ஆபீஸ் டிராயரில் இருந்தது. காலையில் அதை எடுத்துக் கொடுத்தவன் நான்.